லாச்சிக்குள் ஓர் ஆரஞ்சுச் சால்வை: நெதர்லாந்துப் பெருமிதத்தை நேர்மையாகப் பேசும் வழி

சிங்கப்பூரில் வாழும் தமிழர்களில் சிலரிடம் நெதர்லாந்துக் கடவுச்சீட்டு இருக்கிறது. என்னைப் போல யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து பெற்றோரோடு ஏதிலியாகப் போய், அங்கே வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்தவர்கள் உண்டு. டச்சுக்காரரை மணந்தவர்கள் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே குடியேறியவர்களும் உண்டு. சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர், "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்பார். நெடுந்தீவு என்று சொன்னதும் அவர் முகம் மலரும். பேச்சு நீண்டு கடவுச்சீட்டு வரை வந்ததும், "அப்ப நீர் ஒல்லாந்துக்காரி எண்டு பெருமைப்படுறீரோ?" என்று அடுத்த கேள்வி வரும். ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கும் அந்தக் கணத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் நான் "கலவையான உணர்வுதான் ஐயா" என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய்யில்லை, ஆனால் அதற்குள் எதுவும் இல்லை. கேட்டவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் ஒன்றும் தெளியவில்லை. பின்னர் நான் கைக்கொண்ட வழி இது: பெருமிதத்தையும் வெட்கத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்காமல், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஆண்டையும் இடத்தையும் கொடுத்துத் தனித்தனியே வைத்திருப்பது, ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்காமல் இருப்பது. கடைக் கணக்கில் வரவிலிருந்து செலவைக் கழித்து மிச்சம் காண்கிறோம். நாட்டைப் பற்றிய கணக்கில் அப்படி மிச்சம் காண முடியாது, ஏனென்றால் வெள்ளத்தைத் தடுத்து நிற்கும் அணைக்கும் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் ஒல்லாந்தரால் கொல்லப்பட்டவர்களுக்கும் பொதுவான நாணயம் கிடையாது.

வீட்டில் கிடக்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளைகளோடு இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு வரலாற்றுப் புத்தகம் வேண்டாம். உங்கள் வீட்டுத் தமிழே போதும். என் அம்மம்மா மேசையின் இழுப்பறையை "லாச்சி" என்றுதான் சொல்வார். அலுவலகம் அவருக்குக் "கந்தோர்". நெதர்லாந்தில் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆசிரியை என் மேசையைத் தட்டி, பென்சில்களை "லாட்யெ"க்குள் வைக்கும்படி சொன்னபோது, ஏழு வயதான நான் அவருக்குத் தமிழ் தெரியும் என்று நம்பி, மிச்சத்தையும் தமிழிலேயே பேசினேன். அவர் சிரித்துவிட்டு என் தோளைத் தொட்டார். அந்தச் சொல் அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. தமிழகத்து வழியில் வந்த சிங்கப்பூர்த் தமிழருக்கும் இதே போல எடுத்துக் காட்டலாம்: "துட்டு" என்பது டச்சுச் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்ததென்றும், "கக்கூசு" அவர்களுடைய கழிப்பறைச் சொல்லென்றும் சொன்னால், எந்தப் பிள்ளையும் காது கொடுக்கும்.

சொல்லுக்கு அடுத்தபடியாக இடப்பெயரைக் காட்டுங்கள். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1795இல் பிரிட்டிஷாரிடம் இழக்கும் வரை ஆண்டார்கள். சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரையே வைத்தார்கள்: காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லைடன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது; ஆங்கிலத்தில் நெடுந்தீவு இன்றும் டெல்ஃப்ட்தான். அம்மம்மா பிறந்தது அந்த டெல்ஃப்டில், நான் நீரியல் பொறியியல் படித்தது மற்ற டெல்ஃப்டில். டச்சுக்காரர்கள் நாட்டின் தந்தை என்று அழைக்கும் ஒரேஞ்சு இளவரசர் வில்லெம் 1584இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த நகரத்தில்தான். அவருடைய குடும்பப் பெயரிலிருந்துதான் அவர்களுடைய ஆரஞ்சு நிறம் வந்தது. இவ்வளவையும் ஒரே மாலையில் சொல்லிவிட வேண்டியதில்லை. ஒரு சொல், ஓர் ஊர், ஒரு நிறம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னால் போதும்.

இந்தக் கட்டத்தில் தீர்ப்பு எதுவும் சொல்லாதீர்கள். 1707இல் ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்கள் திரட்டப்பட்டுத் தேசவழமையாக எழுதப்பட்டன. அது இன்றும் இலங்கையில் சட்டமாக நிற்கிறது. தங்கள் ஆட்சி வசதிக்காகவே எழுதினார்கள், எழுதியதால் எங்கள் வழக்கம் ஒன்று காப்பாற்றப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கேள்வி வரும். அது வரும்வரை காத்திருப்பது நல்லது.

பெருமிதத்தில் எது உங்களுடையது என்று பாருங்கள்

எல்லாப் பெருமிதமும் ஒரே வகையல்ல. உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 1974, 1978, 2010 என மூன்று முறை தோற்ற அணிக்காகக் கத்துவதில் யாருக்கும் கேடில்லை. அதை ஆராயவும் வேண்டாம். ஆனால் "எங்கள் நாடு இதைச் செய்தது" என்று சொல்லும்போது, அந்த "எங்கள்" என்ற சொல்லில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக வரி கட்டினேனா, உழைத்தேனா, அல்லது அதனால் உயிர் வாழ்ந்தேனா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று விடை வந்தால் அந்தப் பெருமிதம் இரவல் அல்ல.

எனக்கு அது தண்ணீர். நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி, விடிவதற்கு முன், வடகடலில் எழுந்த புயல் தென்மேற்கு மாநிலங்களின் கரைகளை உடைத்துக்கொண்டு வந்தது. 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நாடு பல பத்தாண்டுகள் விடாமல் அணைகளும் மடைகளும் கட்டியது. ரொட்டர்டாம் துறைமுகத்தின் வாயிலில் 1997இல் திறக்கப்பட்ட மாஸ்லான்ட் தடுப்பின் இரண்டு கதவுகளும் ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம். புயல் வரும்போது கணினியின் கட்டளையில் அவை மிதந்து வந்து ஆற்றை மூடுகின்றன. இந்தப் பொறியியலைவிட என்னைத் தொட்டது அதன் அடியிலுள்ள ஏற்பாடு: இடைக்காலத்திலிருந்து இருந்துவரும் நீர்வாரியங்கள், தனித் தேர்தல், தனி வரி. கரை உடைந்தால் பணக்காரன் வயலும் ஏழை வயலும் ஒன்றாகத்தான் மூழ்கும் என்பதால், பிடிக்காதவர்களோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கப் பழகிய மக்கள் அவர்கள். அந்த வரியை நான் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் கரையின் புல்லில் நடந்து, எலி துளைத்த இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆகவே தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நான் தயங்குவதில்லை.

சிங்கப்பூரில் இதைக் காட்டுவதற்கு இடமும் உண்டு. தெக்கோங் தீவில் இந்த நாட்டின் முதல் போல்டர் நிலத்தை அமைக்கும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. கடலை மண்ணால் நிரப்புவதற்குப் பதிலாகச் சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் நீரை வாய்க்கால்களாலும் இறைப்பு நிலையங்களாலும் வெளியேற்றிச் சுமார் 800 ஹெக்டேர் நிலத்தைப் பெறும் முறை அது. அதனால் மண் மிச்சமாகிறது. தேசிய சேவைக்குச் செல்லும் இளைஞர்கள் அடிப்படைப் பயிற்சி பெறும் தீவும் அதுவே. என் மகனுக்கு இப்போது 12 வயது. சில ஆண்டுகளில் அவன் படகில் ஏறி அங்கே போவான். அவன் ஓடப்போகும் தீவின் ஓரத்தைக் கடலிடமிருந்து காத்து நிற்பது, அவனுடைய தாய் படித்த நகரத்தில் கற்றுக்கொடுக்கப்படும் அறிவு. இதை அவனிடம் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, உயரட்டும் என்றே விட்டுவிடுகிறேன்.

ஆல்பர்ட் வின்செமியஸ் பற்றிய பேச்சு இங்கே அடிக்கடி எழும். 1960இல் ஐக்கிய நாடுகள் குழுவின் தலைவராக வந்த அந்த டச்சுப் பொருளியல் அறிஞர், 1984 வரை சிங்கப்பூர் அரசுக்கு ஆலோசனை சொன்னார். டச்சுக்காரர்கள் பலர் அவர் பெயரைச் சொல்லித் தோள் நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி மகிழ்ந்து சொல்லலாம். ஆனால் ஜூரோங்கில் வியர்வை சிந்தியவர்களின் நாட்டில் நின்றுகொண்டு, அவருடைய பெருமையை நமக்காக எடுத்துக்கொள்ளும்போது சற்று அடக்கம் வேண்டும். டச்சு வழக்கமும் அதைத்தான் சொல்கிறது: இயல்பாக நடந்துகொள், அதுவே போதுமான கிறுக்கு என்பது அவர்களுடைய பழமொழி.

வெட்கத்துக்கும் ஆண்டும் இடமும் கொடுங்கள்

ஒரு முறை அலுவலகத்து மதிய உணவில், ஒல்லாந்தர் வெறும் வியாபாரிகள்தான், பிரிட்டிஷாரைப் போல மக்களை வதைக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த இந்தோனேசியச் சக ஊழியர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "மேற்கு ஜாவாவுக்கு வந்து இதைச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1947 டிசம்பர் 9ஆம் தேதி ராவாகெடே என்ற ஊரில் டச்சுப் படையினர் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டதையும், 2011இல்தான் ஹேக் நகர நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று சொன்னதையும் அன்றுதான் அறிந்தேன். அந்த நாட்டில் பள்ளி முடித்து, பட்டம் பெற்று, முப்பது வயதைத் தாண்டிய பிறகு. மறுநாள் அவரிடம் போய், தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே, வெட்கத்தைப் பொதுவாகச் சொல்லாதீர்கள். "காலனிய காலத்தில் தவறுகள் நடந்தன" என்ற வாக்கியத்தில் செய்தவனும் இல்லை, பட்டவனும் இல்லை. எங்கே, எப்போது, யார், யாருக்கு என்று சொல்லும்போதுதான் அது வெட்கமாகிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு துண்டுக் குவே லாப்பிஸ். எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு மலாய் மூதாட்டியின் குடும்பம் ஜாவாவிலிருந்து வந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன் அவர் அந்தக் கேக்கைச் சுடுவார்: முட்டை மஞ்சளும் வெண்ணெயும் சேர்த்த மாவை ஒரு கரண்டி ஊற்றி, மேல்சூட்டில் சிவக்க விட்டு, அதன்மேல் அடுத்த கரண்டி. பதினெட்டு அடுக்குகள் வரை எண்ணியிருக்கிறேன். டச்சுக்காரர்கள் அதை ஸ்பெக்கூக் என்று சொல்லித் தங்கள் கேக் என்று உண்கிறார்கள். நானும் நெதர்லாந்தில் அப்படித்தான் உண்டேன். ஒரு துண்டைப் பிய்த்ததும் கிராம்பும் பட்டையும் சாதிக்காயும் சேர்ந்த வாசனை எழும். அந்தச் சாதிக்காய் ஒரு காலத்தில் உலகில் பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் ஒரே உடைமையாக்க விரும்பியது. 1621இல் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் கப்பற்படையோடு போய் இறங்கினார். ஊர்த் தலைவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 15,000 என்று மதிப்பிடப்படும் மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ, பட்டினியால் செத்தோ, நாடுகடத்தப்பட்டோ மறைந்தார்கள். பிறகு தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். இதை மகனுக்குச் சொன்னபோது அவன் கையில் அந்தக் கேக் இருந்தது. சாப்பிடலாமா என்று கேட்டான். எதிர்வீட்டுப் பாட்டி சுட்டது, சாப்பிடு என்றேன்.

அந்த அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியைத் தமிழர் தவிர்க்க முடியாது. ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அவர்கள் பேசியது நம் மொழி. பழவேற்காட்டில் இன்றும் ஒல்லாந்தர் கல்லறை நிற்கிறது, வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைத் தானமாகக் கொடுத்த செப்பேடுகளும் அந்த வழியாகவே நெதர்லாந்து போய், லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகவேனும் உங்கள் பட்டியலில் வையுங்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நெதர்லாந்திலிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆனி பிராங்கை ஒளித்துவைத்த நாடு என்ற கதைக்குப் பக்கத்தில் இந்த எண்ணும் நிற்க வேண்டும். 1995இல் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிச்சாவில் டச்சுப் படையினரின் காவலில் இருந்த பகுதி விழுந்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் அறிக்கை வந்ததும் 2002இல் அமைச்சரவை பதவி விலகியது. பிள்ளை வளர்ப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக வரித்துறை ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தவறாகக் குற்றம் சாட்டிக் கடனில் தள்ளியதும், அதில் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டதும் வெளிவந்து, 2021 ஜனவரியில் இன்னோர் அமைச்சரவை விலகியது. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிக நெருக்கமானது. எண்பதுகளின் நடுவில் தமிழ் ஏதிலிகளுக்கு அந்த அரசு கொடுத்த ஏற்பாட்டைக் "கட்டில், குளியல், ரொட்டி" என்றே அழைத்தார்கள். அதே நாட்களில்தான் எதிர்வீட்டு டச்சுப் பெண்மணி, முதல் குளிர்காலத்துக்கு எனக்கென்று ஆரஞ்சுக் கம்பளி நூலில் சால்வை பின்னிக் கொடுத்தார். அதன் ஒரு மூலையில் நூல் பிரிந்திருக்கிறது. நான் அதைச் சரிசெய்யவில்லை. இங்கே எங்கள் படுக்கையறை மேசையின் லாச்சிக்குள் அது கிடக்கிறது.

மன்னிப்புகளையும் அவற்றின் தேதியோடு சொல்லுங்கள். இந்தோனேசியாவில் நடந்த மிகை வன்முறைக்காக மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் 2020இல் மன்னிப்புக் கேட்டார்; அடிமை முறைக்காக அன்றைய பிரதமர் மார்க் ருட்டே 2022 டிசம்பர் 19இலும், மன்னர் 2023 ஜூலை 1இலும் கேட்டார்கள். ஒல்லாந்தர் எடுத்துப்போன கண்டி மன்னரின் பீரங்கி 2023இல் இலங்கைக்குத் திரும்பியது. தாமதமாகத்தான் வந்தன. தாமதம் என்பதைச் சொல்லுங்கள், வந்ததையும் சொல்லுங்கள்.

சிலைகளிடமிருந்து ஒரு பாடம்

இரண்டையும் எப்படி ஒரே இடத்தில் வைப்பது என்று தெரியாமல் தவிப்பவர்களை நான் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவேன். 1960களில் வின்செமியஸ் கொடுத்த ஆலோசனைகளில் ஒன்று, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடித்தளமிட்ட ராஃபிள்ஸின் சிலையை அகற்ற வேண்டாம் என்பது. அது நின்றது. 2019இல், ராஃபிள்ஸ் வந்து 200 ஆண்டுகள் ஆனபோது, சிங்கப்பூர் அந்தச் சிலையை இடிக்கவுமில்லை, தனியாகப் போற்றவுமில்லை. அதன் வரிசையில் சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டொக் செங், நாராயண பிள்ளை ஆகியோரின் சிலைகளைச் சில காலம் நிறுத்தியது. ஒரு தமிழர் ராஃபிள்ஸுக்குச் சமமான உயரத்தில் நின்றதை நான் மகனோடு போய்ப் பார்த்தேன். நெதர்லாந்தின் ஹோர்ன் நகரில் கூனின் சிலையும் இன்னும் நிற்கிறது. 2012இல் அதன் அடியில் பண்டாவில் அவர் செய்ததைச் சொல்லும் பலகை வைக்கப்பட்டது. சிலைக்குப் பக்கத்தில் பலகை போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பக்கத்தில் பட்டவர்களை நிறுத்திய முறையே எனக்கு நெருக்கம். வீட்டுப் பேச்சிலும் அதையே பின்பற்றுகிறேன். கம்பெனியின் கப்பல்களைச் சொல்லும் நாளிலேயே அதில் ஏற்றப்பட்டவர்களையும் சொல்கிறேன்.

தவிர்க்க வேண்டிய பேச்சுகள்

"எல்லா நாடுகளும்தான் செய்தன" என்று சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், கேட்டவருடைய தாத்தாவின் கதையை அது மூடிவிடும். அதைவிட நுட்பமான பிழை ஒன்று தமிழருக்கே உரியது: ஆட்டம் நடக்கும்போது "நாங்கள்" என்று கத்திவிட்டு, அடிமைக் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்ததும் "அது வெள்ளைக்காரர் செய்தது, நாங்களே அவர்களிடம் பட்டவர்கள்தானே" என்று நழுவுவது. நாங்கள் பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செல்வத்தில் எழுந்த பள்ளியில் நான் படித்தேன், அந்த அரசின் கடவுச்சீட்டோடு எல்லைகளைக் கடந்தேன். ஆகவே இரண்டு பக்கமும் என் பக்கமே என்று ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதாக, வெட்கத்தை அழுது காட்டி, எதிரில் இருப்பவரே நம்மைத் தேற்றும்படி செய்துவிடக் கூடாது. தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்டு, நிறுத்திவிட வேண்டும்.

கேட்பவரைப் பார்த்து விடை சொல்லுங்கள்

கோயில் வரிசையில் கேட்கும் பெரியவருக்கு நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "தண்ணியைக் கட்டிக் காக்கிறதில எனக்குப் பெருமை ஐயா. பழவேற்காட்டில எங்கட சனத்தைக் கப்பலேத்தினதில வெட்கம். ரெண்டும் என்னட்டை இருக்கு." பெரும்பாலும் அவர் அடுத்துக் கேட்பது பழவேற்காட்டைப் பற்றித்தான். பேச்சு அங்கிருந்து வளர்கிறது.

சிங்கப்பூர் நண்பர்கள் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்த நிலத்திலிருந்து தொடங்குங்கள். 1824இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்த உடன்படிக்கையில் சிங்கப்பூர் மீதான எதிர்ப்பை ஒல்லாந்தர் கைவிட்டார்கள். மலாக்காவையும், இந்தியாவில் தங்களிடமிருந்த இடங்களையும் அதே தாளில் விட்டுக்கொடுத்தார்கள். தமிழ்க் கரையின் ஊர்களும் இந்தத் தீவும் ஒரே உடன்படிக்கையில், எந்தத் தமிழரையும் மலாய்க்காரரையும் கேளாமல், தீர்மானிக்கப்பட்டன. ஹாலந்து வில்லேஜ் என்ற பெயருக்கும் நெதர்லாந்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஹியூ ஹாலந்து என்ற கட்டடக் கலைஞரின் பெயரிலிருந்து வந்ததென்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

டச்சுக்காரர்களே "நீங்கள் உண்மையில் எந்த நாடு?" என்று கேட்கும்போதுதான் மனம் அதிகம் காயப்படும். 2007இல் அன்றைய இளவரசி மாக்ஸிமா, டச்சுக்காரர் என்று ஒரே ஓர் அச்சு கிடையாது என்ற பொருளில் பேசி, பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பினார். அர்ஜென்டினாவில் பிறந்தவர் அவர். அந்தப் பேச்சைச் சுட்டிக்காட்டி, "அவரைப் போல நானும் வெளியிலிருந்து வந்து உங்களுடையவளானவள்" என்று டச்சு மொழியிலேயே சொல்லுங்கள். விடையைவிட மொழி வேலை செய்யும்.

நாட்காட்டியை இங்கே பின்பற்றும் முறை

ஏப்ரல் 27 மன்னர் நாள். அங்கே தெருவெங்கும் பிள்ளைகள் பாய் விரித்துப் பழைய பொம்மைகளை விற்பார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்படிச் செய்ய நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக் கூடத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து செய்தால் போதும். அன்றைக்குச் சால்வையை எடுக்கிறேன். முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில் கம்பளியைக் கழுத்தில் சுற்ற முடியாது. நாற்காலியின் முதுகில் போட்டு வைக்கிறேன். நாட்டுப்பண்ணான வில்ஹெல்முஸைப் பாடினால் பொருளையும் சொல்லிக்கொடுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் எழுந்து 1932இல் அதிகாரபூர்வமான அந்தப் பாட்டின் முதல் பகுதியில், ஸ்பெயின் மன்னருக்கு எதிராக எழுந்த வில்லெம், அந்த மன்னரைத் தான் எப்போதும் மதித்ததாகச் சொல்கிறார். பாட்டுக்குள்ளேயே இரண்டு மனம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மே 4 இரவு 8 மணிக்குப் போரில் இறந்தவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். சிங்கப்பூரில் அப்போது மே 5 அதிகாலை 2 மணி. நாங்கள் மே 4 அன்று எங்கள் 8 மணிக்கே விளக்கை அணைத்து நிற்கிறோம். ஆகஸ்ட் 15 இன்னும் கனமான நாள்: ஜப்பான் சரணடைந்த நாளை நெதர்லாந்து நினைவுகூர்கிறது. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் டச்சுக் கைதிகளும் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் இறந்தார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையான கல்லறைகள் உண்டு, தமிழருக்கு அப்படி இல்லை. அதற்கு இரண்டே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. சிறையிலிருந்து மீண்ட நாடு, இன்னொருவரின் விடுதலையை எதிர்த்து நான்கு ஆண்டுகள் போரிட்டது. இரண்டு நாட்களையும் அடுத்தடுத்துச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

கடவுச்சீட்டு

குடியுரிமையைப் பெருமிதத்தின் அளவுகோலாக்காதீர்கள். அதில் சட்டத்தின் கை பெரியது. சிங்கப்பூர், பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பிறப்பால் இரண்டும் பெற்ற பிள்ளை 21 வயதுக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். நெதர்லாந்துச் சட்டப்படி, இரண்டு குடியுரிமையோடு வெளியே நீண்ட காலம் வாழ்பவர், 13 ஆண்டுகளுக்குள் டச்சுக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் டச்சுக் குடியுரிமையை இழக்க நேரிடும். தேதிகளைக் குறித்து வையுங்கள். பிள்ளை எதைத் தெரிந்தெடுத்தாலும் அதைத் தாய்க்கோ தந்தைக்கோ எதிரான வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கணவர் இங்கே பிறந்த தமிழர். மகன் சிங்கப்பூரைத் தெரிந்தெடுப்பான் என்றே நினைக்கிறேன். அதை நினைத்து நெஞ்சு கனக்கும் இரவுகளும் உண்டு.

ஜூலை 1 அன்று எங்கள் புளோக்கின் தாழ்வாரங்களில் தேசியக் கொடிகள் ஏறத் தொடங்கும். 1863இல் அதே நாளில்தான் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் நெதர்லாந்து அடிமை முறையை ஒழித்தது. சூரினாமில் விடுதலை பெற்றவர்கள் மேலும் பத்து ஆண்டுகள், 1873 வரை, தோட்டங்களிலேயே வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சென்ற ஆண்டு மகன் கம்பியில் கொடியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். "பத்து வருசமா? பிறகு எதுக்கம்மா ஒழிச்சதெண்டு சொன்னவை?" என்று கேட்டான். முடிச்சை இறுக்கிவிட்டு உள்ளே போய், லாச்சியைத் திறந்து, சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லச் சொன்னான்.